பல்லிச் சத்தத்துக்குத் தள்ளுபடி

ஒரு பெட்டிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பதினோரு பெட்டிக்குப் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. பேசுவது மனிதனா பெட்டியா என்று காதுக்குக் காட்டிக்கொடுக்கும் 'டக்' என்ற சின்னச் சத்தத்துக்கு நான் போட்ட விலை அது. பேரம் முடிந்த அன்று சந்தோஷத்தில் கிளப்பில் எல்லோருக்கும் என் செலவில் மஸ்கோத் அல்வா வேறு வாங்கிக் கொடுத்தேன்.

என் பெயர் தனசிங். எங்கள் துறைமுக ஊரின் கடைத்தெருவில் எலக்ட்ரிகல் மொத்த வியாபாரம். அப்பா கருவாட்டு ஏலக்காரர். துண்டைப் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். எனக்கு ஆறு வயதில் அந்த விரல் பாஷை தெரியும். ஒன்பதாம் வாய்ப்பாடு பத்து வயதில்தான் வந்தது. பொழுதுபோக்குக்கு ரேடியோ, பாட்டுக் கேட்கிறது அல்ல, உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே மைக்கில் பேசுகிற ஹாம் ரேடியோ. ஊர் ஹாம் கிளப்பில் மொத்தம் பதினோரு பேர். பொருளாளர் நான், ஏனென்றால் அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை.

தினமும் காலை ஆறரைக்கு நான் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவேன். அவரவர் வீட்டிலிருந்து பதில் சொல்வார்கள். குரல் எப்படிக் கேட்கிறது என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும். தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஒன்பது. 'ஐந்து ஒன்பது' என்றால் முழு மதிப்பெண். எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி இரைச்சலுக்குள் குரல் கிடந்தாலும் ஐந்து ஒன்பதுதான் கொடுப்போம். கல்யாண வீட்டில் கைகழுவ எழுந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்? அந்த மரியாதைதான்.

இந்த மரியாதையில் சந்தியாகு அண்ணாச்சியை யாரும் மிஞ்ச முடியாது. உப்பளத்தில் பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகும் பாத்திகளுக்கு நடுவே இருந்த பழைய குவார்ட்டர்ஸை விட்டு வரவில்லை. மூட்டு ஆபரேஷன் முடிந்த மறுநாளும், காற்றில் கூரைத்தகடு பறந்த மறுநாளும், "அஞ்சு ஒம்பது அண்ணாச்சி, இங்க ஒரு கொறையும் இல்ல" என்றுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் மூத்தவர் இளையவரையும் அண்ணாச்சி என்பார், அவர் கடை வைத்திருந்தால்.

அதற்கப்புறம் கேட்பார்: "அந்தச் சாமான் என்னாச்சு அண்ணாச்சி?"

ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக்கூடாது என்பது சட்டம். ஆகவே பேட்டரி என்று சொல்லமாட்டார், சாமான் என்பார். நானும் விலை சொல்லமாட்டேன். "வண்டி கெளம்பிட்டு, இந்தா வந்துரும்" என்பேன்.

வண்டி கிளம்பிவிட்டது என்று கடைக்காரன் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாமான் இன்னும் அலமாரியில் இருக்கிறது, பில் போடவில்லை, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான். கேட்டவருக்கும் தெரியும், சொன்ன எனக்கும் தெரியும். இருவரும் திருப்தியாக மைக்கை வைப்போம்.

ஒட்டுப்பெட்டி என்று நாங்கள் பெயர் வைத்த அந்தப் பெட்டி வந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய புயலில் எங்கள் பழைய செட்டுகள் மானத்தை வாங்கின. பாதிக் குரல் வந்தது, மீதி இரைச்சலில் போனது. கிளப் தலைவர் ஹமீது பாய், துறைமுகத்தில் கப்பல்களை வழிநடத்திக் கொண்டுவந்து கரைசேர்த்தவர், இனியும் இந்த ஓட்டைகளை வைத்து மாரடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து நிரஞ்சன் என்ற விற்பனைப் பொறியாளர் வந்தார். செட்டோடு சேர்த்து மாட்டும் ஒரு கறுப்புப் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"மழையில குரல் பாதி பாதியா வருதுங்களா? இது மீதிய ஒட்டிக் குடுத்துருமுங்க."

"எங்கேருந்து எடுத்து ஒட்டும்?" என்று கேட்டார் ஹமீது பாய்.

"அவங்கவங்க பேச்சுல இருந்தேதானுங்க. ஏழு வருசத்துக் காலைப்பேச்சு பதிவு செஞ்சு வெச்சிருக்கறதாச் சொன்னீங்கல்ல? அதைப் போட்டுப் பெட்டியைப் படிக்க வெச்சுருவோம். யாரு எந்த வார்த்தைக்கு அப்புறம் எதைப் போடுவாங்கன்னு அதுக்கு அத்துபடி ஆயிரும்."

சந்தியாகு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அப்ப நான் தூங்கிட்டாலும் அது பேசுமா தம்பி?"

"இல்லீங்ணா. நீங்க மைக்கை அமுக்குனாத்தானுங்க."

"அடடா. எங்க வீட்டுக்காரி இருக்கும்போதே நீங்க வந்திருக்கக் கூடாதா? 'உம்' கொட்டுதுக்காவது ஆகிருக்குமே."

எல்லோரும் சிரித்தோம். பெட்டியைப் போட்டுக் காட்டினார். வேண்டுமென்றே இரைச்சலைக் கூட்டி, அதற்குள் ஹமீது பாயைப் பேசச் சொன்னார். குரல் பளிச்சென்று வந்தது. கூடவே 'டக்', 'டக்' என்று ஒரு சத்தம்.

"என்ன வே இது, செவுத்துப் பல்லி மாதிரி?" என்று கேட்டேன்.

"பெட்டி ஒட்டுன வார்த்தைக்கு எல்லாம் அந்தச் சத்தம் வருமுங்க. எது அவரு பேசுனது, எது ஒட்டுனதுன்னு உங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா?"

"எனக்குப் பல்லியே ஆவாது" என்றார் சந்தியாகு அண்ணாச்சி. மற்றவர்களும் முகம் சுளித்தார்கள். எதிராளியின் சரக்கில் குறை தெரிந்தால் என் காது தானாக விடைக்கும். விலைப்பட்டியலை எடுத்தேன். ஆறாவது வரி: 'அறிவிப்பு ஒலி வசதி, ரூ. 1,800.'

"தம்பி, எங்க ஊர்ல வெளிய கெளம்பும்போது பல்லி கத்துனா திரும்பி வந்து உக்காந்துருவான். அபசகுனத்துக்குத் துட்டு குடுக்கச் சொல்லுதீரா?"

"நிறுத்திக்கலாமுங்ணா. ஆனா நிறுத்தறது அவ்வளவு நல்லதில்லீங்."

"நிறுத்தலாம்லா? அப்ப கழிச்சிரும்."

"அது சாமான் இல்லீங்ணா, வெறும் செட்டிங்கு."

"வெறும் செட்டிங்குக்கு எதுக்கு ஆயிரத்து எண்ணூறு போட்டீரு?"

நிரஞ்சன் பட்டியலைப் பார்த்தார். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கம்பெனி நீட்டி எழுதிய பட்டியல். அதில் அவரே மாட்டிக்கொண்டார். கழித்தார். வாடிக்கையாளர் விருப்பத்தின் பேரில் ஒலி நிறுத்தப்பட்டது என்று ஒரு தாளை நீட்டினார். பொருளாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அல்வா.

பதினான்கு மாதம் பெட்டிகள் நன்றாகவே வேலை செய்தன. அதற்கடுத்த மார்கழியில் மூன்று நாள் மழை பெய்து, மேலே இரண்டு குளங்கள் உடைந்தன. காலை எட்டு மணிக்கு செல்போன் கோபுரங்கள் செத்தன. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மணமகள் அறையில் கட்டுப்பாட்டு நிலையம் வைத்தோம். ஆள் உயரக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க மைக்கோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ விற்கிற முகம்.

மீனவர்கள் கொண்டுவந்த படகு இரண்டு இருந்தன. எந்த ஊருக்கு எது என்று செய்தியைக் கேட்டுத் தாளில் எழுதி அனுப்புவது என் வேலை. ஆற்றோர ஊர்களில் மாடிவரை தண்ணீர். இரண்டும் அங்கே போயின.

ஒன்பதே முக்காலுக்கு சந்தியாகு அண்ணாச்சி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போல அவ்வளவு தெளிவு.

"அஞ்சு ஒம்பது அண்ணாச்சி. இங்க ஒரு கொறையும் இல்ல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் உப்பளம் பள்ளம். அவர் இடத்திலிருந்து ரயில் தண்டவாளக் கரை ஒரு கிலோமீட்டர்; அது உயரம். "அண்ணாச்சி, படகு ரெண்டுதான் இருக்கு, ரெண்டும் ஆத்தங்கரைக்குப் போயிட்டு. உங்களுக்கு இன்னைக்கு வராது. இப்பவே நடந்துருங்க, ரயில் ரோட்டுக்கு. முழங்கால் தண்ணி இருக்கும்போதே நடந்துருங்க" என்றேன்.

"சரி அண்ணாச்சி. அஞ்சு ஒம்பது."

ஒன்றே கால் வரைக்கும் ஐந்து முறை பேசினார். ஐந்து முறையும் நடக்கச் சொன்னேன். ஐந்து முறையும் குறையில்லை என்றார். இன்னுமா கிளம்பவில்லை என்று ஒரு தடவை எரிச்சல்கூட வந்தது. அதன் பிறகு அவர் பேசவில்லை. தாளில் அவர் பெயருக்கு நேரே 'நலம், நடந்து போகிறார்' என்று எழுதி, அடுத்த ஊரைக் கேட்டேன்.

அவரோடு ஆறு உப்பளத் தொழிலாளர்கள் ஒதுங்கியிருந்தார்கள் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. ஏழு பேரில் மூன்று பேரை உயிரோடு எடுத்தார்கள். நான்கு பேரைப் பாத்தி வரப்புகளில் எடுத்தார்கள். சந்தியாகு அண்ணாச்சியின் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி உடையாமல் இருந்தது.

பிழைத்தவர்களில் ஒருத்தி பேச்சித்தாய். தங்கையைப் பறிகொடுத்தவள். விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் நின்று, சோறு பொங்கின விவரம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நாங்க எந்திரிச்சிட்டோம்யா, ரயில் ரோட்டுக்குப் போயிருவம்னு. இவுகதான் ரேடியோல, 'வண்டி கெளம்பிட்டு, இந்தா வந்துரும்'னாவ. சந்தியாகு அண்ணாச்சி, 'உக்காருங்க, வண்டி வருது'ன்னாரு. உக்காந்தோம். தண்ணி ஏறுனதும் உப்புக் குமி மேல ஏறுனோம். உப்புல்லா, காலுக்குக் கீழ கரையுது. கரையக் கரைய மேல ஏறுனோம். அப்புறம் ஏற மேல இல்ல."

"அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றேன்.

"இவுக குரலு எனக்குத் தெரியாதா? தெனமும் காலைல அண்ணாச்சி வீட்டுல கேக்கதுதான. அஞ்சு தடவ சொன்னாவ."

"நடங்கன்னுதான் சொன்னேன். மண்டபத்துல ஆள் இருந்துச்சு, சாட்சி இருக்கு."

"அப்ப உங்க குரல்ல பேயா பேசுச்சு?"

ஊர் அவளைத்தான் நம்பியது. கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் கேபிள் சுருளுக்கு முன்பணம் எண்ணி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, எப்ப வரும்? வண்டி கெளம்பிட்டுன்னு மட்டும் சொல்லிராதீய" என்றார். கடைப்பையன்கள் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பில் போட்டேன். ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்: நான் அதைச் சொல்லவில்லை. அது மட்டும் நிரூபணமானால் போதும். வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

நிரஞ்சனை வரவழைத்தேன். ஹமீது பாயும் வந்து உட்கார்ந்தார். மண்டபத்தில் என்னிடம் இருந்த பெட்டியைத் திறந்து லேப்டாப்பில் மாட்டினார். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு பதிவு வைத்திருக்குமாம். காற்றில் வந்தது ஒன்று. பெட்டி ஒட்டிப் பேசியது இன்னொன்று. ஒன்பதே முக்கால் பதிவில், காற்றில் வந்ததைப் போட்டார். மழை இரைச்சல். நடுவில் எங்கோ 'ணாச்சி' என்று ஒரு துண்டு. அவ்வளவுதான்.

"மீதியெல்லாம்?"

"ஒட்டுனதுங்ணா. சந்தியாகு அண்ணன் பேசறாருங்கறது வரைக்கும் அதுக்குத் தெரிஞ்சிருக்குது. என்ன பேசறாருன்னு தெரியல. அதனால அவரு எப்பவும் சொல்றதைப் போட்டிருக்குது. ஏழு வருசத்துல அவரு வேற என்னங் சொன்னாரு? அஞ்சு ஒம்பது, ஒரு கொறையுமில்ல."

"சத்தம் வச்சிருந்தா?"

"மழை மாதிரி டக்கு டக்குன்னு கேட்டிருக்குமுங்க."

ஹமீது பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அன்றே கிளப் கூடி எல்லாப் பெட்டியிலும் பல்லியைத் திரும்ப வைக்கச் சொன்னது. நிரஞ்சன் அதற்குக் காசு கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பாரம் இறங்கியது. ஏமாற்றியது பெட்டி. அதன் சத்தத்தை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவன் நான்தான், ஆனால் பல்லி வேண்டாம் என்று முகம் சுளித்தவர்கள் பதினோரு பேர். குற்றத்தைக்கூட நான் மொத்த விலையிலிருந்து சில்லறைக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இரைச்சலே இல்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஏழாவது பெயரைத் தாண்டி எட்டாவதுக்குப் போனேன். ஹமீது பாயும் என்னிடம் ஒரு சாமான் சொல்லிவைத்திருந்தார்; அவர் முறை வந்தபோது, பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் வழக்கப்படி கேட்டுவிட்டார்.

"அந்தச் சாமான் என்னாச்சு தனசிங்கு?"

"வண்டி கெளம்பிட்டு பாய், இந்தா வந்துரும்."

அவருடைய சாமான் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பில் போடவில்லை. பல்லி கத்தவில்லை. ஒட்டு எதுவும் இல்லையே, அது ஏன் கத்தும்? பிறகு ஒருவர், "அஞ்சு ஒம்பது" என்று மெதுவாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள், பாத்தியில் சேறு வழித்தவர்கள் சந்தியாகு அண்ணாச்சியின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிரஞ்சன் அதை இரண்டு நாள் காயவைத்து, என் கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் வைத்துத் திறந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

முதலில் அவர் மைக்கில் பேசியது. "அண்ணாச்சி, தண்ணி ஏறுது. ஏழு பேர் இருக்கோம். நடக்கவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க." அவர் பயந்து பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. அந்தக் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

பிறகு, காற்றில் அவருக்குப் போய்ச்சேர்ந்த என் பதில். இரைச்சல்.

பிறகு, அந்த இரைச்சலை வைத்து அவருடைய பெட்டி பேசியது. என் குரல். என் இழுவை, 'இந்தா'வில் நான் கொடுக்கும் அழுத்தம், முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு.

"வண்டி கெளம்பிட்டு, இந்தா வந்துரும்."

ஐந்து தடவையும் அதேதான். ஒன்றே காலுக்கு அவர் கடைசியாகக் கேட்டிருந்தார்: "வண்டி எங்க வருது அண்ணாச்சி?" நான் மண்டபத்தில் தொண்டை கிழிய நடங்க என்று கத்திய நேரம் அது. உப்பளத்தில் நான் சிரித்துக்கொண்டே வண்டி அனுப்பியிருந்தேன்.

நிரஞ்சன் லேப்டாப்பைப் பாதி மூடினார். "பெட்டி படிச்ச கணக்குல பாத்தனுங்க. ரெண்டாயிரத்து நானூத்திப் பத்துக் காலை. அதுல நீங்க இந்த வார்த்தையை ஆயிரத்து முன்னூத்தி ஆறு தடவை சொல்லியிருக்கறீங்க. உங்க பேச்சுலயே அதிகம் வந்தது இதுதானுங்க."

அவர் லேப்டாப்பை முழுவதும் மூடினார்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உப்புத்தண்ணில ஊறி ஒண்ணும் எடுக்க முடியலைன்னு எழுதிக் குடுத்தர்றேன். உங்களுக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. அந்தம்மா சொன்னதுக்கு வேற சாட்சி இல்ல. மண்டபத்துல உங்களுக்குச் சாட்சி இருக்குது."

நல்ல விலை. இருபுறமும் லாபம். அப்பா இருந்திருந்தால் துண்டுக்கடியில் என் விரலை அழுத்தியிருப்பார். எதிர் விலை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஆனது அன்றுதான்.

"அந்தப் பெட்டிய எடும். கூட வாரும்" என்றேன்.

பேச்சித்தாய் பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். கால் முழுக்க உப்பு அரித்த புண்ணுக்கு நீல மருந்து. பெட்டியை பெஞ்சில் வைத்து நிரஞ்சன் போட்டுக்காட்டினார். ஐந்து தடவையும் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"இதான். நான் சொன்னேம்லா?"

"நீங்க சொன்னதுதான் சரிம்மா. அதிகாரிட்டயும் எழுதிக் குடுத்துருதேன். என் குரல்தான். ஆனா நான் பேசல. இந்தப் பெட்டி..." விளக்கினேன். நிரஞ்சனும் விளக்கினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப நெசமா நீங்க என்ன சொன்னீய?"

"படகு இன்னைக்கு வராது, இப்பவே நடந்துருங்கன்னு சொன்னேன்."

"அங்க எப்படிச் சொன்னீயளோ, அப்படியே ஒருக்கா சொல்லுங்க."

முகாமில் துணி காயப்போட்டவர்கள் எங்களைத்தான் பார்த்தார்கள். சொன்னேன். "படகு இல்ல. வராது. நடந்துருங்க."

பேச்சித்தாய் திட்டவில்லை. விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போகிறவளைப் போலச் சொன்னாள்.

"இத அன்னைக்குக் கேட்டிருந்தாலும் நாங்க நம்பிருக்க மாட்டோம் அண்ணாச்சி. இது உங்க பேச்சு மாதிரியே இல்ல."

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஹமீது பாயின் சாமானுக்கு பில் போட்டேன். நானே தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுத்தேன். பிறகு கிளப்பின் பதிவேட்டை எடுத்து அந்த மார்கழி நாளின் பக்கத்தைத் திருப்பினேன். 'நலம், நடந்து போகிறார்' என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்.

சந்தியாகு கேட்டது, ஐந்து முறை.
'நடந்துருங்க': நான் சொன்னது ஐந்து, போய்ச்சேர்ந்தது இல்லை.
'வண்டி கெளம்பிட்டு': நான் சொன்னது இல்லை, போய்ச்சேர்ந்தது ஐந்து.
கிளம்பிய வண்டி, இல்லை.
காத்திருந்தவர்கள் ஏழு. திரும்பியவர்கள் மூன்று.
நிலுவை நான்கு.